'நெட் இல்லை' என்றால் என்ன?

மாலை ஆறு மணி. எழுத்தறிவு மையத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முனியம்மா மட்டும் தாமதமாக வந்தார். அவர் முகம் வாடி இருந்தது.

"என்ன முனியம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ஆசிரியை கேட்டார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை டீச்சர். உதவித்தொகை எடுக்கப் போனேன். மெஷினில் விரல் வைத்தேன். 'நெட் இல்லை, நாளைக்கு வாங்க' என்றார்கள். நேற்றும் இதையேதான் சொன்னார்கள். இரண்டு நாள் கூலி போச்சு. இந்த நெட் என்பது என்ன? அது எங்கேதான் போகிறது?"

"நல்ல கேள்வி. இன்று அதையே பாடமாகப் படிப்போம்" என்றார் ஆசிரியை.

வலையும் முடிச்சும்

மீன் வலையைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் கயிறு உண்டு. முடிச்சு உண்டு. கணினி வலையும் அப்படித்தான். ஒவ்வொரு கணினியும் ஒரு முடிச்சு. அவற்றை இணைக்கும் வழிதான் கயிறு. இதைத்தான் நெட்வொர்க் என்கிறோம். சுருக்கமாக, நெட்.

ஓர் அலுவலகத்துக்குள் நாலு கணினிகளை இணைத்தால் அது சிறிய வலை. உலகத்தின் சிறிய, பெரிய வலைகளை எல்லாம் இணைத்தால் அது இணையம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

கயிறு பலவகை. செம்புக் கம்பி ஒரு வகை. முடி போல மெல்லிய கண்ணாடி இழை இன்னொரு வகை. அதில் செய்தி ஒளியாக ஓடும். கடலுக்கு அடியிலும் இந்தக் கேபிள் போகிறது. மும்பையிலும் சென்னையிலும் அது கரை ஏறுகிறது. கைப்பேசிக்குக் கம்பி இல்லை. கோபுரத்திலிருந்து அலைகள் வருகின்றன.

சர்வர் யார்?

"சர்வர் டவுன் என்றும் சொல்கிறார்களே! சர்வர் ஓட்டலில்தானே இருப்பார்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலை ஒன்றுதான்" என்றார் ஆசிரியை. "கேட்டதை எடுத்துத் தருபவர் சர்வர். இங்கே சர்வர் என்பது ஒரு பெரிய கணினி. உங்கள் கணக்கு விவரம் அதில் இருக்கிறது. நீங்கள் விரல் வைத்ததும் கேள்வி அங்கே போகும். பதில் திரும்பி வரும்."

கடிதத்துக்கு முகவரி வேண்டும். கணினிக்கும் முகவரி உண்டு. அது எண்களால் ஆனது. நீளமான செய்தி சிறுசிறு துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு துண்டிலும் முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். துண்டுகள் போய்ச் சேர்ந்ததும் வரிசைப்படி ஒன்றாகும். ஒரு துண்டு தொலைந்தால் அதை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

ரயில் டிக்கெட்

முன்பு ரயில் இருக்கைகளைப் பெரிய நோட்டில் எழுதினார்கள். வேறு ஊரிலிருந்து திரும்பிவர இடம் வேண்டுமா? தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். 1986-இல் தில்லியில் கணினி முன்பதிவு வந்தது. 1999-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ஒன்றாக இணைந்தன. எந்த ஊரில் கேட்டாலும் கணக்கு ஒன்றே. அதனால் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போவதில்லை.

எங்கே அறுந்தது?

வலை மூன்று இடங்களில் அறுபடலாம்.

1. இங்கே: மெஷினில் கோளாறு, மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை.
2. வழியில்: பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்தது.
3. அங்கே: சர்வர் நின்றுவிட்டது.

முதல் இரண்டு என்றால் வேறிடத்தில் வேலை நடக்கலாம். மூன்றாவது என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

அறுபடுவது புதிதல்ல. 1969-இல் அமெரிக்காவில் தொலைதூரத்துக்கு முதல் செய்தி அனுப்பினார்கள். ஐந்து எழுத்துச் சொல். இரண்டு எழுத்து போனது. எதிர்முனைக் கணினி நின்றுவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அனுப்பி வென்றார்கள்.

கவனம்!

- விரல் வைக்குமுன் தொகை எவ்வளவு என்று பாருங்கள்.
- 'நெட் இல்லை' என்று சொல்லி மறுபடி விரல் வைக்கச் சொன்னால், முதல் முறைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.
- பணம் கைக்கு வராமல் கணக்கில் குறைந்திருந்தால் உடனே வங்கியில் எழுதிக் கொடுங்கள்.
- கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

மறுநாள் முனியம்மா மீண்டும் போனார். "இன்றும் நெட் இல்லை" என்றார்கள்.

"மெஷினில் கோளாறா, சர்வரிலா?" என்று முனியம்மா கேட்டார்.

அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கே சிக்னல் இல்லை, அம்மா. தபால் ஆபீசில் கிடைக்கும்" என்றார்.

முனியம்மா தபால் அலுவலகத்துக்குப் போனார். தொகையைப் படித்துப் பார்த்தார். பிறகுதான் விரல் வைத்தார். பணமும் வந்தது, ரசீதும் வந்தது. மதியத்துக்குள் வேலைக்கும் போய்விட்டார்.

பயிற்சி

1. வலை அறுபடக்கூடிய மூன்று இடங்கள் எவை?
2. சர்வர் என்ன வேலை செய்கிறது?
3. உங்கள் ஊரில் 'நெட் இல்லை' என்றால் எங்கே போகலாம்? இரண்டு இடங்களை எழுதுங்கள்.