சுந்தரவனத் தீவுகளில் ஊராட்சித் தேர்தலும் மண்கரையும்

மேற்கு வங்கத்தின் தென்கோடியில், கங்கையின் கழிமுகத்தில் அமைந்துள்ள சுந்தரவனத்தில் 102 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 54. இத்தீவுகளின் நிலப்பகுதி பெரும்பாலும் உயர் ஓத மட்டத்தினும் தாழ்ந்தது. சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள மண்கரைகளே உவர்நீர் வயலுக்குள் புகாமல் காத்து நிற்கின்றன. ஆகவே, இங்கு ஒரு வார்டில் வாக்குக் கேட்டு வருபவர் கரையைப் பற்றிய கேள்விக்கு விடை கூறாமல் அப்பால் செல்ல இயலாது.

ஆனால் அக்கரை ஊராட்சிக்குச் சொந்தமானதன்று. மாநிலப் பாசன, நீர்வழித் துறையின் பொறுப்பில் உள்ளது. உறுப்பினரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை செங்கல் பாவிய பாதை, குழாய்க் கிணறு, நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியல் போன்றவையே. வாக்காளரோ கரை உடைந்தால் உறுப்பினரைத்தான் தேடி வருவர். தீவு வார்டின் தேர்தலில் உள்ள அடிப்படை முரண்பாடு இதுவேயாகும்.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1978 ஜூன் மாதத்தில் மூன்று அடுக்கு ஊராட்சிகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, பதவியேற்றுச் சில மாதங்களே ஆன உறுப்பினர்கள் நிவாரணப் பணியை ஏற்று நடத்தினர். அன்று முதல் 2023 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாது நடந்து வந்துள்ளமை பாராட்டத்தக்கது. எனினும், 2018-இல் மாநிலத்தின் ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டியே இல்லாமற் போனதை மறைப்பதற்கில்லை. கரைக்கு விடை கூற வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அங்கெல்லாம் வாக்காளருக்குக் கிட்டவில்லை.

2009 மே 25 அன்று வீசிய அய்லா புயலில் 778 கிலோமீட்டர் நீளக் கரை சேதமுற்றது. உடைந்த கரையை இருந்த இடத்திலேயே மீண்டும் எழுப்புவது பல இடங்களில் இயலாது. ஆறு அடிமண்ணை அரித்துவிட்டிருக்கும். எனவே உள்ளே தள்ளிப் புதுக்கரை போடப்படுகிறது. அக்கோடு எவ்வழியே செல்லுகிறதோ, அதற்கு ஆற்றுப் பக்கமாக நிற்கும் வீடும் வயலும் கைவிடப்பட்டவையே. பத்து முழம் முன்னோ பின்னோ என்பது சில குடும்பங்களுக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினா. பொறியாளர் மண்ணின் வலிமையை அறிவார். எவருக்கு வேறு நிலம் இல்லை என்பதை வார்டு உறுப்பினரே அறிவார்.

இவ்விரு அறிவும் சந்திக்கத்தக்க இடம் சட்டத்திலேயே உள்ளது. வார்டின் வாக்காளர் அனைவரும் அடங்கிய கிராம சன்சத், ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் கூட வேண்டும். பத்தில் ஒரு பங்கினர் வந்தால் கூட்டம் செல்லும். ஆடவர் பலர் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கூலி வேலைக்குச் சென்றுவிடும் தீவுகளில் இந்த அளவை நிரப்ப வேண்டியவர்கள் பெண்களே. 2013 தேர்தல் முதல் ஊராட்சி இடங்களில் பாதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் கூட்டத்தில் பயனாளிகளின் பட்டியலைப் படித்துக் கையொப்பம் பெறுவதோடு நின்றுவிட்டால் அந்த ஒதுக்கீட்டினால் விளையும் பயன் சிறிதே.

மழை ஓய்ந்து, வறண்ட மாதங்களின் மண்வேலை தொடங்குமுன் வருவது நவம்பர்க் கூட்டம். புதுக்கரையின் கோட்டைத் துறையினர் அக்கூட்டத்தில் வரைபடத்துடன் விளக்கி, ஆட்சேபங்களைக் கேட்டுப் பதிவு செய்த பின்னரே முளை அடிக்க வேண்டும். மே மாதக் கூட்டத்தில் வேலை முடிந்த அளவைச் சரிபார்க்கலாம். அதைத் தள்ளிப்போடாமல் மாதத் தொடக்கத்திலேயே கூட்டுதல் நலம். அய்லாவும், 2020-இன் அம்பன் புயலும், 2021-இன் யாஸ் புயலும் மே 20-க்கும் 26-க்கும் இடையில்தான் கரையைத் தாக்கின.