கோடை உழவும் ஆட்காட்டிக் குருவியும்

கோடை மழை ஒன்று பெய்து மண் பதப்பட்டதும் சிலமலை, போடிநாயக்கனூர் வட்டார மானாவாரி நிலங்களில் உழவு தொடங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் பட்டு மடிய இவ்வுழவு மிகவும் அவசியம். ஆனால் அதே வாரங்களில்தான் தரிசுத் தரையில் ஆட்காட்டிக் குருவிகள் அடைகாக்கின்றன.

ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் இக்குருவியை அறியாத விவசாயி இல்லை. எனினும் இதில் இரண்டு இனங்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிவப்புமூக்கு ஆட்காட்டி சற்றுப் பெரியது; தலையும் மார்பும் கறுப்பு, கண்முன் சிவந்த சதை மடிப்பு. கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், கொட்டகுடி ஆற்றங்கரை போன்ற நீர் அருகில் உள்ள இடங்களை நாடும். மஞ்சள்மூக்கு ஆட்காட்டி சிறியது. உச்சந்தலை மட்டும் கறுப்பு, மார்பு மண்நிறம், கண்முன் மஞ்சள் மடிப்பு தொங்கும். இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இது வாழ்வதில்லை. இதற்கு வேண்டியது காய்ந்த, திறந்த தரை. ஏலமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால் அடிவாரத்தில் அத்தகைய தரை உண்டு.

இரண்டும் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு குழி பறித்து, கூழாங்கல், ஆட்டுப்புழுக்கை போன்றவற்றை இட்டு, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். ஈரம், வறட்சி என்று இடத்தைப் பிரித்துக்கொள்வதால் போட்டி அதிகம் எழுவதில்லை.

இந்தப் பிரிவினையை மாற்றுவது மனிதனே. புஞ்சையில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னையோ வாழையோ வைத்தால், தண்ணீரைத் தொடர்ந்து சிவப்புமூக்கு வந்துவிடும். அது கூட்டின் எல்லைக்குள் வரும் பறவைகளை விரட்டும் குணமுடையது. ரயில் பாதையின் ஜல்லியிலும், மொட்டை மாடியிலும்கூட முட்டையிட்டுச் சமாளிக்கும். மஞ்சள்மூக்கோ ஈரம் கண்ட நிலத்தை விட்டு விலகி, மிஞ்சிய தரிசுக்குப் போகும். அந்தத் தரிசில்தான் கோடை உழவு நடக்கிறது. தண்ணீர் பாய்ச்சுவதை யாரும் குறை கூற முடியாது. உழவில் கொஞ்சம் கவனம் வைக்கலாம்.

இக்குருவிகளின் உணவு வண்டு, எறும்பு, கரையான், புழுக்கள். பயிரைத் தின்பதற்காக இவை வயலுக்கு வருவதில்லை.

மாட்டு ஏர் ஓட்டுபவர் முட்டையைக் கண்டு ஒதுங்கிப் போவதுண்டு. டிராக்டர் ஓட்டுநருக்கு மண்கட்டி போன்ற அம்முட்டை தெரியாது. ஆகவே உழவுக்கு முன் ஒருவர் நிலத்தைச் சுற்றி வரவேண்டும். குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டாலோ, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து நடித்தாலோ, அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடும். விலகி நின்று பார்த்தால் அது மீண்டும் போய் உட்காரும் இடம் தெரியும். அங்கு சுற்றிலும் நான்கு எட்டு தூரம் உழாமல் விடுவது நலம். முட்டையைத் தொடவோ இடம் மாற்றவோ கூடாது. வெயில் நேரத்தில் தாய்க்குருவியை வெகுநேரம் விலக்கி வைத்தால் முட்டை சூடேறிக் கெட்டுவிடும். ஆட்டுக்கிடையையும் அப்பக்கம் போடாதிருக்க வேண்டும்.

அடைகாப்பு ஏறக்குறைய நான்கு வாரம். பொரித்த குஞ்சுகள் ஓரிரு நாளில் குழியை விட்டுத் தாயுடன் நடந்துவிடும். குஞ்சுகள் அகன்றதைப் பார்த்துக்கொண்டு, விட்ட துண்டை விதைப்புக்கு முன் உழுதுகொள்ளலாம்.