குடும்பக் காடுகளும் அரசின் உதவியும்

காடு என்றதும் அது அரசுக்குச் சொந்தம் என்றே நினைப்பீர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்குள்ள காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடும்பங்களின் உடைமை.

காட்டைத் தானே வளரட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? தென் மாநிலங்களின் பைன் காடுகளைப் பாருங்கள். மரங்கள் நெருங்கி வளர்ந்தால் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு நலிகின்றன. நலிந்த மரத்தில் பிசின் சுரப்பது குறைகிறது. பட்டையைத் துளைக்கும் வண்டுகளைத் தடுப்பது இந்தப் பிசின்தான். ஆகவே இடையிடையே சில மரங்களை வெட்டிக் களைய வேண்டும். ஆனால் சிறுமரங்களுக்கு விலை குறைவு. வெட்டும் செலவோ அதிகம்.

இதற்கு உதவ 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திட்டம் பிறந்தது. வனவியல் அறிந்தவர் காட்டைப் பார்வையிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுப்பார். உரிமையாளர் வேளாண்மைத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பார். செலவில் 75 சதவீதம் வரை அரசு தரும். வசதி குறைந்தவர்களுக்கு 90 சதவீதம் வரை. பொதுவாக வேலை முடிந்த பின்பே பணம் கிடைக்கும். வசதி குறைந்தவர்கள் ஒரு பகுதியை முன்பணமாகப் பெறலாம்.

ஆயினும் ஒரு முட்டுக்கட்டை. விண்ணப்பிக்க நிலத்துக்கு அலுவலகப் பதிவெண் வேண்டும். பாட்டனார் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொது. தனியொருவர் பெயரில் பத்திரம் இராது. தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. பத்திரம் இல்லை, எண் இல்லை, உதவியும் இல்லை! 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் ஐந்தாண்டு வரிக் கணக்கு போன்ற வேறு சான்றுகளையும் ஏற்க வழிசெய்தது.

உங்கள் குடும்ப நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.