எம்.எஸ். உள்ளவர்கள் தடுமாறாமல் நிற்க

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மேலுறை சிதைவதால் நடையில் தள்ளாட்டம் வரும். "விழுந்துடுவீங்க, உட்காருங்க" என்று வீட்டார் தடுப்பது அன்பால்தான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தசை இன்னும் தளரும்.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, எழுந்து எழுந்து உட்காருங்கள். என்னைக் கேட்டால் முதலில் தொடங்க வேண்டியது இதுதான். தொடைக்கு வலு வந்தால் மற்றவை எளிது. அடுத்து, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு பாதத்தின் முன்னே நேர்க்கோட்டில் மறு பாதத்தை வைத்துச் சில விநாடிகள் நில்லுங்கள். பழகப் பழக ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும் மேடையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். கண்ணை மூடி நிற்கும் பயிற்சி பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மட்டுமே.

உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் துவளலாம். உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே விவரித்திருக்கிறார். நோய் முற்றிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். கோடையில் அதிகாலையில், மின்விசிறிக் காற்றில் செய்யுங்கள். குளிர்ந்த நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

களைத்தால் பயிற்சியைப் பிரித்துச் செய்யலாம். புதிதாக மரத்துப்போதலோ பலவீனமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நிறுத்திவிட்டு, நரம்பியல் மருத்துவரிடம் உடனே பேசுங்கள்.