வியப்பை மொழிபெயர்த்தல்

ஆங்கிலத்தில் பெருவியப்பை உணர்த்தும் வினைச்சொற்களுள் ஒன்று 'அஸ்டானிஷ்'. 'சர்ப்ரைஸ்' என்பதும் வியப்பையே குறிக்கும்; எனினும் இரண்டும் ஓரளவின அல்ல. சொல்லாமல் விருந்தினர் வந்தால் 'சர்ப்ரைஸ்' போதும். இறந்துவிட்டார் என்று ஊரே நம்பிய ஒருவர் வாசலில் வந்து நின்றால், அங்கே 'அஸ்டானிஷ்' வேண்டும்.

இவ்வலிமை சொல்லின் வேரிலேயே உள்ளது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல்லின் அடி, இடி முழங்குதலைக் குறிக்கும் 'தொனாரே' என்னும் இலத்தீன் வினை. இடி தாக்கியவர்போலச் செயலற்று நிற்றலே இதன் பழம்பொருள். 'இடியோசை கேட்ட நாகம் போல' என்னும் உவமைத்தொடர் இங்கு நினைவுக்கு வரும். அவ்வுவமை அச்சத்தை அல்லவா சுட்டுகிறது என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. ஆங்கிலச் சொல்லிலும் முன்பு அச்சம் கலந்தே இருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் சில இடங்களில் இச்சொல் நடுக்கத்தோடு கூடிய திகைப்பைக் குறிக்கிறது. ஆகவே, பழைய நூல்களை மொழிபெயர்ப்போர் எங்கும் 'வியந்தான்' என்றே எழுதிவிடலாகாது. 'திகைத்தான்', 'திடுக்கிட்டான்' என்பனவும் இடமறிந்து வரவேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாக மருட்கை தோன்றும் என்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'அஸ்டானிஷ்' பெரும்பாலும் மருட்கையின் பக்கமே நிற்கிறது.

தொடரமைப்பில்தான் இடர்ப்பாடு மிகுதி. 'தி நியூஸ் அஸ்டானிஷ்டு மீ' என்பதில் செய்தி எழுவாய், வியப்பவர் செயப்படுபொருள். 'செய்தி என்னை வியப்பித்தது' என்பது இலக்கணப் பிழையன்று; ஆயினும் தமிழர் அப்படிப் பேசுவதில்லை. 'செய்தி கேட்டு வியந்துபோனேன்' என்பதே இயல்பு. ஆங்கிலத்தில் வியப்பு வெளியிலிருந்து வந்து தாக்குகிறது. தமிழில் அது வியப்பவரின் வினையாகிறது.

'ஐ வாஸ் அஸ்டானிஷ்டு' என்பதை 'நான் வியப்பிக்கப்பட்டேன்' என விடைத்தாளில் எழுதுவோர் உண்டு. வடிவம் செயப்பாட்டுவினைபோல் தோன்றினும், அது ஒருவரின் மனநிலையையே கூறுகிறது. 'வியந்தேன்' என்னும் தன்வினை போதும்.

'அஸ்டானிஷிங்', 'அஸ்டானிஷ்டு' என்னும் இரு வடிவங்களிலும் கவனம் தேவை. முன்னது வியப்பை ஊட்டுவதற்கு அடை; பின்னது வியந்தவர்க்கு அடை. சதுரங்கப் போட்டியில் பெரியவர்களை வென்றவள் 'வியப்பூட்டும் சிறுமி'. அதைக் கண்டு வாய்பிளந்து நின்றவள் 'வியந்த சிறுமி'. வடிவத்தை மாற்றி எழுதினால், வென்றவள் வேடிக்கை பார்த்தவளாகிவிடுவாள்.