இடைகழியில் கழிந்த பொழுது

முதலாழ்வார்கள் மூவரும் திருக்கோவலூரில் சந்தித்த ஐதிஹ்யத்தை அறியாதார் நம்மில் இலர். பெருமழை; காரிருள்; ம்ருகண்டு மஹர்ஷியின் ஆச்ரமத்து இடைகழி. பொய்கையாழ்வார் முதலில் வந்து சயனித்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடமுண்டோ என்று கேட்க, ஒருவர் கிடக்குமிடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றனர். பின்பு நான்காமவனாக எம்பெருமான் புகுந்து நெருக்கினான். நூறு நூறு பாசுரங்களாக மூன்று திருவந்தாதிகள் நமக்குக் கிடைத்தன.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது நாம் அந்த நெருக்கத்திற்கே விரைந்து போய்விடுகிறோம். அதற்கு முன் கழிந்த பொழுதையும் சற்று அநுஸந்திக்க வேண்டும். மூவரும் அங்கே ஒதுங்கியது மழைக்காக. இடைகழியோ தங்குமிடமும் அன்று. வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே கடந்து போவதற்காக அமைந்த குறுகிய நடை. உலகம் ஒரு பொருட்டாக மதிக்காத இடம், ஒரு பொருட்டாக மதிக்காத பொழுது. மூவுலகும் அளந்தவன் தனக்கென்று தேடி வந்தது அதைத்தான். ஸ்வாமி தேசிகன் இவ்வெம்பெருமான் விஷயமாக அருளிய ஸ்தோத்ரத்திற்கு ‘தேஹளீச ஸ்துதி’ என்றே திருநாமம். தேஹளி என்பது இடைகழி. உலகளந்த பெருமையைக் கொண்டு வழங்கக்கூடிய ஒருவனை, மூவர் மழைக்கு ஒதுங்கிய நடையைக் கொண்டு வழங்குகிறார். பெண்ணையாற்றங்கரையில் விளைந்த கரும்பாக அவனையும், அதைப் பிழிந்து சாறு கொண்டவர்களாக ஆழ்வார்களையும் அந்த ஸ்துதி காட்டுகிறது. நெருக்குண்டவர்கள் ஆழ்வார்கள் என்று நாம் நினைத்திருக்க, பிழியப்பட்டவன் அவனே என்பது எத்தனை இனிய நிர்வாஹம்!

காத்திருந்த அந்நேரத்தில் அவர்கள் செய்தவை இரண்டே. வந்தவருக்கு இடம் கொடுத்தார்கள். ஒருவரையொருவர் வினவி பகவத்குணங்களைப் பேசி அநுபவித்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் முன்பு வந்தவருடைய வசதி குறைந்தது. கிடந்தவர் அமர நேர்ந்தது. அமர்ந்தவர்கள் நிற்க நேர்ந்தது. ‘நான் முன்பே வந்தேன்’ என்ற வார்த்தை அங்கே எழவில்லை. திருமலையில் வைகுண்டம் க்யூ வளாகத்து அறைகளில் பல மணி நேரம் அடைந்திருந்து, கதவு திறந்தவுடன் முன்னிருக்கும் முதியவரைத் தள்ளிக்கொண்டு ஓடும் நாம் இதை நினைத்துப் பார்க்கலாம். ஸேவை சந்நிதியில்தான் தொடங்குகிறது என்று யார் சொன்னது? பாகவதர்கள் சூழ இருக்கும் அவ்வறையும் ஓர் இடைகழியே.

ஆயினும் எல்லாக் காத்திருப்பும் இவ்வாறு இனிப்பதில்லை. அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் அமர்ந்திருப்பவரிடம் கரும்பைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவர் நெஞ்சை அறுப்பது வேறொரு ஸந்தேஹம்: ‘அவனே ரக்ஷகன் என்று நம்பினேனாகில் இப்படித் தவிப்பேனோ? இத்தவிப்பே எனக்கு விச்வாஸம் இல்லை என்பதற்கு அடையாளமோ?’

இதற்குப் பிள்ளை லோகாசார்யரின் முமுக்ஷுப்படியில் வழியிருக்கிறது. த்வயப்ரகரணத்தின் தொடக்கத்தில் ஸ்ரீவைஷ்ணவனுக்கு வேண்டியவற்றை அடுக்கிச் சொல்லும்போது, பேறு தவறாது என்ற உறுதியையும், அப்பேற்றுக்கு விரையும் பதற்றத்தையும் சேர்த்தே ஓதுகிறார். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று பகை. உறுதியுள்ளவன் ஏன் பதற வேண்டும்? ஆனால் உறுதி பிறப்பது அவனுடைய ஸ்வபாவத்தை நோக்கி; பதற்றம் பிறப்பது பேற்றின் இனிமையை நோக்கி. பிறக்குமிடம் வேறாகையால் ஒன்று மற்றொன்றை அழிக்காது. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆசார்யர் சொன்னது மோக்ஷமாகிற பேற்றை. சிகிச்சை பலிக்கும், விசா கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அன்று. அவ்வாறு கொண்டால், பலிக்காத அன்று நம்பிக்கையும் போய்விடும். தவிப்பு மாத்ரத்தைக் கொண்டு விச்வாஸம் இல்லை என்று தீர்மானிக்கலாகாது என்பதே நாம் இங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது.

இவ்விரண்டும் கூடி நின்ற இடம் ஸ்ரீபரதாழ்வான். 14 ஆண்டுகள் நந்திக்ராமத்தில் சடைமுடியும் மரவுரியுமாக இருந்தான். ஆனால் கைகட்டிச் சும்மா இருந்தானல்லன். ராஜ்ய காரியங்கள் அனைத்தையும் ஸ்ரீபாதுகைகளுக்கு விண்ணப்பித்து நடத்தினான். வருவான் என்று நம்பாதவன் இப்படி அரசைக் காத்து வைத்திருக்க மாட்டான். கெடு முடிந்த மறுநாளில் காணாவிடில் தீப்புகுவேன் என்றதும் அவனே.

பெருமாளும் அதை மறந்தாரல்லர். மீண்டு வரும் வழியில் பரத்வாஜாச்ரமத்தில் தங்கவேண்டி வந்தது. தாம் போய்ச் சேருமளவும் பொறுக்கலாகாது என்று திருவடியை முன்னே அனுப்பினார். நேரே நந்திக்ராமம் போகும்படி நியமித்தாரோ எனில், அதுவும் அன்று. வழியில் ச்ருங்கிபேரத்தில் இறங்கிக் குஹனிடம் தம் நலத்தைச் சொல்லிவிட்டு அப்பால் போகச் சொன்னார். கங்கைக்கரையிலும் ஒருவன் காத்திருந்தான்.