இறங்குமிடம்

மலையேறுவோர்க்கு உச்சி என்பது பாதிவழியே. களைத்த கால்களால் இறங்கவேண்டிய மறுபாதி எஞ்சியிருக்கிறது. விபத்துகள் பலவும் அப்போதே நேர்கின்றன. அந்த மறுபாதியைக் காற்றின் துணையோடு கடக்க உதவும் சிறகே பாராகிளைடர். 1978ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள மியூசி என்னும் சிற்றூரில் வான்குடை வீரர்கள் சிலர் விமானச் செலவின்றிப் பயிற்சி பெற விரும்பி, மலைச்சரிவில் ஓடியே தம் குடைகளை விரித்தனர். அம்முயற்சி தனிக்கலையாக வளர்ந்தது. மடித்தால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும் சிறகை மலையேறுவோர் தமதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

பாராகிளைடருக்கு எந்திரம் இல்லை. தரையை நெருங்கியபின் இடம் தவறென்று தெரிந்தால், மீண்டும் மேலெழுந்து வேறிடம் தேட இயலாது. ஆகவே கால் உச்சியை விட்டு எழுமுன்பே இறங்குமிடம் முடிவாகியிருக்க வேண்டும்.

1988 செப்டம்பர் 26 அன்று ழான்-மார்க் புவாவன் என்னும் பிரெஞ்சு வீரர் எவரெஸ்டு உச்சியிலிருந்து பறந்தார். அங்கிருந்து பாராகிளைடரில் பறந்த முதல் மனிதர் அவரே. ஏறத்தாழ 11 நிமிடங்களில் இரண்டாம் முகாமில் இறங்கினார். கூடாரங்களும் மனிதர்களும் உள்ள இடம் அது. ஆனால் அங்கே இறங்குவோர், அதற்குக் கீழே பிளவுகளோடு கிடக்கும் கும்பு பனியருவியைக் கால்நடையாகவே கடந்தாக வேண்டும்.

உயரத்தில் இறங்குவதற்கு மற்றோர் இடரும் உண்டு. எவரெஸ்டு உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்கே. மெலிந்த காற்று தாங்க வேண்டுமெனில் சிறகு விரைந்து செல்ல வேண்டும். கடல்மட்டத்தில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மிதக்கும் சிறகு, உச்சியில் ஏறத்தாழ 58 கி.மீ. வேகத்திலும் ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் 49 கி.மீ. வேகத்திலும் செல்லும். எதிர்க்காற்று அவ்வேகத்தைக் குறைக்காவிடில், பனியில் கால் ஊன்றுவது எலும்பு முறிவில் முடியலாம்.

அப்படியாயின் இயன்றவரை தாழ இறங்குவதே நன்று என்று தோன்றும். அதுவும் அவ்வளவு எளிதன்று. வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் வழியே காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். கீழ்நோக்கி வருபவருக்கு அது எதிர்க்காற்று. அவர் கடக்கக்கூடிய தொலைவை அது குறைத்துவிடும். முகடுகளின் காற்று மறைவுப் பக்கத்திலோ சுழல்கள் பதுங்கியிருக்கும். அவை சிறகை ஒரு நொடியில் மடக்கிவிட வல்லவை. அதனால்தான் தேர்ந்த வீரர் விடிந்த சில மணிநேரத்துக்குள் பறக்க விரும்புகிறார். எட்டாமற்போனால் இறங்குவதற்கென்று வழியிலேயே மாற்றிடம் ஒன்றையும் மனத்தில் குறித்துக்கொள்கிறார். அருகே வந்ததும் அவர் கண் புகையையும் கொடிகளையும் தேடும். காற்று வரும் திசையை நோக்கியே இறங்க வேண்டும் அல்லவா?

2011 மே 21 அன்று நேபாளத்தைச் சேர்ந்த சானோ பாபு சுனுவாரும் லக்பா செரி ஷெர்பாவும் ஒரே சிறகில் எவரெஸ்டிலிருந்து பறந்தனர். அவர்கள் இறங்கிய இடம் நாம்சே பசாருக்கு மேலுள்ள சியாங்போச்சே ஓடுதளம். அதன் உயரம் ஏறத்தாழ 3,750 மீட்டர். உச்சியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவு. ஒரு மீட்டர் தாழ்வதற்குள் ஐந்தரை மீட்டருக்கு மேல் முன்னேறினால்தான் அவ்விடத்தை எட்டலாம். காற்று அசையாதிருந்தால் அவர்களுடையதைப் போன்ற சிறகு அதனினும் மிகுதியாகச் செல்லும். அந்த மிகுதியே எதிர்க்காற்றுக்கென அவர்கள் கையிலிருந்த சேமிப்பு. 42 நிமிடங்களில் ஓடுதளத்தில் கால் பதித்தனர்.

பாபு அதற்குமுன் பெருமலை ஏறியவர் அல்லர். ஏறும்போது அவரை வழிநடத்தியவர் லக்பா. பறக்கும்போது சிறகை இயக்கியவர் பாபு. அங்கிருந்து இருவரும் ஆற்றுவழியே சிறுபடகில் வங்கக் கடலை நோக்கிப் புறப்பட்டனர். லக்பாவுக்கு நீந்தத் தெரியாது.